மீள்சேர்க்கை மனிதக் கைனேசு: ஒரு பெயரின் வரலாறு

விஞ்ஞானத்தின் வரலாற்றை விஞ்ஞானிகளே எழுதுதல் வேண்டும் என்றோர் எண்ணம் எம்மிடையே பரவலாக உண்டு. மன்னரின் வரலாற்றை மன்னரே எழுதவேண்டும் என்று எவரும் கூறுவதில்லை. ஆதலின், கலைப்பீட மாணவனொருவன் புரதமொன்றின் வரலாற்றைக் கூறப் புகுவதை வாசகர் துணிவு எனக் கொள்ளினும் குற்றம் எனக் கொள்ளார் என நம்புகின்றேன்.

இக்கட்டுரைக்குக் காரணமாய் அமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. விஞ்ஞான பீடத்தில் முதுமாணிப் பட்ட ஆய்வில் ஈடுபட்டுள்ள நண்பர் ஒருவர், தமது ஆய்வுகூடத்தின் ஆழ்குளிரூட்டியைத் திறந்து, சுண்டுவிரல் நுனியளவேயான பிளாத்திக்குச் சிமிழொன்றை எடுத்துக் காட்டினார். பூச்சியத்துக்குக் கீழ் 80 பாகை செல்சியசில் வைத்துப் பேணப்படும் அச்சிமிழினுள் இருந்தது 10 மைக்கிரோகிராம் புரதம். கண்ணுக்குத் தெரிந்ததோ அடியில் உறைந்து கிடந்த ஒரு துளி மாத்திரமே. ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த சுட்டியை 'மீள்சேர்க்கை மனிதக் கைனேசு, ஆய்வுகூட உபயோகத்துக்கு மட்டும்' எனத் தமிழ்ப்படுத்தலாம். "இதில் மனிதன் எங்கே இருக்கிறான்?" என்று நான் வினவினேன். நண்பர் நகைத்தார், ஆனால் விடை கூறவில்லை. அவ்வினாவுக்கு விடை தேட முற்பட்டதன் பயனே இது.

அச்சுட்டியிலுள்ள மூன்று சொற்களும் மூன்று வேறு பரம்பரைகளில் வந்தவை. அவை ஒன்றுசேர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. அவற்றுள் மூத்த சொல் கைனேசு என்பதாகும். அதனையே முதலில் நோக்குவோம்.

'அசைத்தல்' என்னும் பொருளுடைய கிரேக்க வேரிலிருந்து பிறந்த இச்சொல், உருசியாவில் பவ்லோவின் ஆய்வுகூடத்தில் 1899ஆம் ஆண்டளவில் வழக்குக்கு வந்தது. நாய்க்கு மணியடித்து உமிழ்நீர் சுரக்கச் செய்தவர் என்று நாம் அறிந்த பவ்லோவ், நோபெல் பரிசு பெற்றது சமிபாட்டைப் பற்றிய ஆய்வுகளுக்காகும். சதையியிலிருந்து உறங்குநிலையில் வரும் நொதியமொன்றைக் குடலிலுள்ள வேறொரு பொருள் தட்டியெழுப்புகின்றது எனக் கண்டு, அதற்கு 'என்ரறோகைனேசு' என அவர்கள் பெயரிட்டனர். பின்னர் 1927இல் செருமனியரான ஒற்றோ மெயர்கோவ், வெல்லத்தின் தாக்கத்தைத் தூண்டுவதென மதுவத்திலிருந்து பெற்ற பொருளை 'எக்சோகைனேசு' என்றார். அப்பொருள் உண்மையில் செய்வது வெல்லத்தின்மீது பொசுபேற்றுக் கூட்டமொன்றை ஏற்றுவதே எனப் பின்பு தெளிவாயிற்று. அன்றுதொட்டு, அடினோசீன் முப்பொசுபேற்று என்னும் சத்திப் பொருளிலிருந்து ஒரு பொசுபேற்றை எடுத்து வேறொரு மூலக்கூறில் வைக்கும் நொதியங்கள் யாவும் கைனேசு எனப் பெயர் பெற்றன. பவ்லோவின் என்ரறோகைனேசு பொசுபேற்றைத் தொடுவதே இல்லை. பெயரைப் பெற்றெடுத்த தாய் குடும்பத்துக்குப் புறம்பாகிவிட்டாள். பெயர் மட்டும் வழிவழியாக வந்துகொண்டிருக்கின்றது.

வெல்லத்தில் பொசுபேற்றை வைப்பது ஒன்று. புரதத்தில் வைப்பது வேறொன்று. புரதத்தில் பொசுபரசு உண்டு என்பது பழைய செய்தி. முட்டை மஞ்சட் கருவிலுள்ள விற்றலின் என்னும் புரதத்தில் பொசுபேற்று இருத்தலை நியூயோர்க்கிலுள்ள றொக்பெல்லர் நிறுவனத்தில் பீபஸ் லெவீன் 1906இலேயே கண்டார். 1932இல் அவரும் பிரிட்ஸ் லிப்மனும் அப்பொசுபேற்று செரீன் என்ற அமினோ அமிலத்தில் தொங்குகின்றது எனக் காட்டினர். ஆயினும், முட்டையும் பாலும் குஞ்சுக்கும் கன்றுக்கும் உணவாவன. ஆதலின் அவற்றிலுள்ள பொசுபரசும் உணவே என அக்காலத்தோர் அமைதி கண்டனர். அது ஒரு தொழிலைச் செய்கின்றது என எண்ணுவதற்கு எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

அக்காரணம் ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்படும் கிளைக்கோசன் என்ற மாப்பொருளிலிருந்து வந்தது. பிராகு நகரிற் பிறந்து, ஒரே மருத்துவக் கல்லூரியிற் பயின்று, மணம் புரிந்து அமெரிக்கா சென்ற கார்ள் கோரியும் கேட்டி கோரியும், உடல் இம்மாப்பொருளை எங்ஙனம் உடைத்துப் பயன்படுத்துகின்றது என்பதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டனர். சென் லூயிசு நகரிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர்கள் கண்ட பொசுபோரிலேசு என்னும் நொதியம் 1940களின் தொடக்கத்தில் பளிங்காகப் பெறப்பட்டது. அப்பளிங்கைப் பெற்றதில் ஆடா கிறீன் என்ற பெண்மணியின் பங்கு பெரிது. பாடநூல்களில் அவர் பெயர் காணக் கிடைப்பதரிது.

இந்நொதியம் இரு வடிவங்களில் இருந்தது. 'ஏ' எனப்பட்டது தானே தொழிற்பட்டது. 'பி' எனப்பட்டதோ அடினிலிக் அமிலம் சேர்ந்தாலன்றித் தொழிற்படவில்லை. ஆகவே 'ஏ' வடிவினுள் அவ்வமிலம் பொதிந்திருக்கின்றது என்றும், அதனைப் பிடுங்கியெடுத்து 'பி' ஆக்கும் வேறொரு நொதியம் உண்டு என்றும் கோரி தம்பதியினர் கருதினர். கருத்து அழகானது, ஆனால் பிழையானது. 'ஏ' வடிவில் அடினிலிக் அமிலம் இருக்கவில்லை. இருந்தது என்ன என்பதை அவர்கள் காணவில்லை.

ஈண்டுச் சிறிது விலகி ஒன்று கூறவேண்டும். கணவர் துறைத் தலைவராயிருந்த அதே பல்கலைக்கழகத்தில் கேட்டி கோரி நெடுங்காலம் குறைந்த வேதனத்தில் ஆய்வுத் துணைவராகவே வைக்கப்பட்டிருந்தார். அவர் பேராசிரியர் ஆனது 1947இல். அதே ஆண்டிலேயே இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. மருத்துவத்துக்கான அப்பரிசைப் பெற்ற முதற் பெண் அவரே. அவர்களுடைய ஆய்வுகூடத்திற் பணியாற்றியோருள் அறுவர் பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்றனர். எமது கதைக்கு வேண்டியவர்கள் அவ்வறுவருள் இருவர்: ஏரல் சதர்லாண்டும் எட்வின் கிறெப்சும்.

கிறெப்சு 1948இல் மேற்குக் கரையிலுள்ள சியாற்றில் நகருக்குச் சென்றார். சங்காயில் பிறந்து செனீவாவில் கற்று, உருளைக்கிழங்கின் பொசுபோரிலேசை ஆராய்ந்துகொண்டிருந்த எட்மண்ட் பிசர் 1953இல் அவரை வந்தடைந்தார். முயலின் தசைச் சாற்றிலிருந்து 'ஏ' வடிவைப் பெற அவர்கள் முயன்றபோது வியப்புக்குரிய ஒன்று நிகழ்ந்தது. சாற்றை மையநீக்கப் பொறியிலிட்டுத் தெளிவித்தபோது 'பி' வடிவே கிடைத்தது. கோரி ஆய்வுகூடத்தின் பழைய முறைப்படி வடிதாளில் வடித்தபோதோ 'ஏ' வடிவு கிடைத்தது. சாறு ஒன்றே, முயலும் ஒன்றே, வேறுபட்டது ஒரு கடதாசி. இறுதியில், வடிதாளிலிருந்து கரைந்து வந்த கல்சியமே காரணம் எனக் கண்டனர். தசைச் சாற்றிலேயே இருந்த ஒரு நொதியத்தை அக்கல்சியம் தூண்டிவிட, அந்நொதியம் அடினோசீன் முப்பொசுபேற்றிலிருந்து ஒரு பொசுபேற்றை எடுத்துப் பொசுபோரிலேசின்மீது வைத்தது. 'பி' என்பது 'ஏ' ஆயிற்று. கோரி தம்பதியினர் காணாதுவிட்ட பொருள் பொசுபேற்றே ஆகும். 1955, 1956ஆம் ஆண்டுகளில் வெளிவந்த கட்டுரைகளில் இது நிலைநாட்டப்பட்டது. தூண்டிய அந்நொதியமே 'பொசுபோரிலேசுக் கைனேசு'. இன்ன தொழிலைச் செய்கின்றது எனத் தெளிவாக அறியப்பட்ட முதலாவது புரதக் கைனேசு அதுவே.

வரலாற்று மாணவர் ஈ. எச். கார் அவர்களின் 'வரலாறு என்றால் என்ன?' என்ற நூலை அறிவர். கிளியோபாத்திராவின் மூக்கு உலக வரலாற்றை மாற்றிற்று என்ற வாதத்தை அவர் அதில் எடுத்து ஆராய்கின்றார். வடிதாளும் அத்தகைய மூக்குத்தானோ என்று நான் பலகாலும் எண்ணியதுண்டு. வடிதாள் இல்லாவிடின் கைனேசு கண்டறியப்பட்டிராது என்பது பொருந்தாது. ஏனெனில் அதே ஆண்டுகளில் ஈரலை ஆராய்ந்த வொசிலைற்றும் சதர்லாண்டும், பொசுபோரிலேசு செயலிழக்கும்போது பொசுபேற்று விடுபடுகின்றது என்று தனியாகவே கண்டிருந்தனர். 1954இல் பேணற், கெனடி என்போர் பாற்புரதமாகிய கேசினில் பொசுபேற்றை ஏற்றும் ஒரு தாக்கத்தை எலியின் ஈரலிற் கண்டு எழுதியுமிருந்தனர். காலம் கனிந்திருந்தது. ஆயினும் ஆயிரம் ஆய்வுகூடங்களில் வடிதாள்கள் கசங்கி எறியப்பட்டன; ஓரிடத்தில் மாத்திரம், முறை மாறியதால் விளைவு மாறிற்று என்பது குறித்துவைக்கப்பட்டது. தற்செயல் என்பதற்கு வரலாற்றில் இடமுண்டாயின், அதனைக் குறித்துவைத்தவரின் குறிப்பேட்டுக்கும் இடமுண்டு என்பதே என் துணிபு.

இதன் பின் வந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். ஓமோனின் செய்தியைக் கலத்தினுள்ளே காவும் வட்ட அடினிலிக் அமிலத்தைக் கண்ட சதர்லாண்டுக்கு 1971இல் பரிசு கிடைத்தது. அவ்வமிலத்தினால் தூண்டப்படும் கைனேசை 1968இல் வோல்சு, பேர்க்கின்சு, கிறெப்சு ஆகியோர் பிரித்தெடுத்தனர். ஒரு கைனேசு வேறொரு கைனேசைத் தூண்ட, அது பொசுபோரிலேசைத் தூண்டுகின்றது என்ற சங்கிலி வெளிப்பட்டது. எனினும், இது மாப்பொருள் உடைதல் என்னும் ஒரு மூலைக்குரிய விந்தை என்றே பலர் எண்ணினர். பிசரும் கிறெப்சும் நோபெல் பரிசு பெற்றது 1992இல். முதற் கட்டுரைக்கும் பரிசுக்கும் இடையே 37 ஆண்டுகள்.

மூலைக்குரிய விந்தையை நடுமன்றத்துக்குக் கொண்டுவந்தது ஒரு கோழி. 1909ஆம் ஆண்டு, கட்டியொன்று வளர்ந்திருந்த தன் கோழியை விவசாயி ஒருவர் றொக்பெல்லர் நிறுவனத்துக்குக் கொண்டுவந்தார். அக்கட்டியின் சாற்றைக் கலங்கள் புகாதவாறு வடித்து, வேறு கோழிகளுக்குச் செலுத்தியும் கட்டி உண்டாதலைப் பேற்றன் றௌஸ் 1911இல் வெளியிட்டார். புற்றுநோயை உண்டாக்கும் வைரசு அது. உலகம் நம்ப நெடுநாட் சென்றது. 1966இல் பரிசு வந்தபோது றௌஸ் 87 வயதினர். அவ்வைரசின் தீய பரம்பரையலகான 'சார்க்' உண்மையில் வைரசுக்குச் சொந்தமானதன்று, கோழியின் கலத்திலிருந்து என்றோ கவரப்பட்டது என 1976இல் சான் பிரான்சிசுக்கோவில் காட்டப்பட்டது. பிசொப், வாமசு ஆகிய இருவருக்கு 1989இல் பரிசு கிடைத்தது. அக்கட்டுரையின் முதற் பெயருக்குரிய பிரெஞ்சு ஆய்வாளர் தெகலின் விடுபட்டார். அவர் அதனை வெளிப்படையாகவே எதிர்த்தார். ஆடா கிறீனுக்கு எதிர்க்கவும் வாய்ப்பிருக்கவில்லை.

சார்க் தரும் புரதம் யாது? அது ஒரு கைனேசு என 1978இல் கொலெற்றும் எரிக்சனும் கூறினர். அதுகாறும் அறியப்பட்ட புரதக் கைனேசுகள் செரீன், திரெயோனின் என்ற இரு அமினோ அமிலங்களிலேயே பொசுபேற்றை வைத்தன. இதுவும் அவ்வாறே எனக் கொள்ளப்பட்டது. 1979இல் கலிபோர்னியாவிலுள்ள சோக் நிறுவனத்தில் ரொனி அன்ரர், வேறொரு கழலை வைரசின் புரதத்தை ஆராய்ந்தார். அமினோ அமிலங்களை மின்புலத்தில் பிரிக்கும் அம்முறையில் தாங்கற் கரைசலைப் புதிதாக ஆக்கச் சோம்பி, பழையதையே அவர் உபயோகித்தார். பழைய கரைசலின் பீ.எச். பெறுமானம் 1.9 இலிருந்து 1.7 ஆக இறங்கியிருந்தது. புதுக் கரைசலில் ஒன்றாகவே நகர்ந்து ஒன்றையொன்று மறைத்திருக்கக்கூடிய இரு பொருள்கள் பழைய கரைசலில் பிரிந்து நின்றன. ஒன்று திரெயோனின், மற்றையது அதுவரை எவரும் எதிர்பாராத தைரோசீன். அடுத்த ஆண்டில் சார்க்கும் தைரோசீனிலேயே பொசுபேற்றை வைக்கின்றது எனத் தெளிவாயிற்று. வடிதாளைப் போன்றதொரு கதை இது. ஆனால் சோம்பலுக்குப் புகழ் சேர்ப்பதற்காக இதனைக் கூறவில்லை. இம்முறையும் விளைவின் முரண் மூடி மறைக்கப்படவில்லை என்பதே கவனிக்கற்பாலது.

இனி, 'மனித' என்ற சொல்லுக்கு வருவோம். இங்குதான் என் வினாவின் முள் இருக்கின்றது.

தென்னசி மாநிலத்தில் ஸ்ரான்லி கோகன் என்பார், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த ஒரு பொருளைப் பச்சிளம் எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் கண்ணிமைகள் நாளுக்கு முன்னதாகவே திறந்தன. மேற்றோல் வளர்ச்சிக் காரணி எனப்படும் அப்பொருளை ஏற்கும் வாங்கி கலத்தின் மென்சவ்வில் உண்டு. அவ்வாங்கியைப் பெறுவதற்கு மிகச் சிறந்த மூலமாக அமைந்தது ஏ-431 எனப்படும் மனிதக் கலவரிசை. சாதாரண கலத்திற் காண்பதைவிட மிக அதிகமான வாங்கிகள் அதில் இருந்தன. அவ்வாங்கி தானே ஒரு கைனேசு என்பது 1970களின் இறுதியில் வெளிப்பட்டது. 1984இல் உல்றிச்சும் அவர் கூட்டாளரும், மனித நஞ்சுக்கொடியையும் ஏ-431 கலங்களையும் கொண்டு அதன் பரம்பரையலகின் முழுத் தொடரையும் வாசித்தனர். மனிதக் கைனேசொன்று எழுத்தெழுத்தாக அறியப்பட்ட ஆரம்பச் சந்தர்ப்பங்களுள் இஃதொன்று.

ஏ-431 யாருடையது? 1973இல் வெளியான அதன் விவரக் குறிப்பு இவ்வளவே: பெண், வயது 85, மேற்றோற் புற்று. பெயர் இல்லை. கல்வெட்டுக்களில் கொடையாளியின் பெயரையும் ஊரையும் தேடிப் பழகிய எமக்கு இது விந்தையாகத் தோன்றும். ஒரு மூதாட்டியின் நோயுற்ற தோலின் கலங்கள் உலகின் ஆய்வுகூடங்கள் எங்கும் இன்றும் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன. அவரின் பெயரை வெளியிடாமை அவருடைய அந்தரங்கத்தைக் காப்பது என்பதும் நியாயமே. ஆயினும் கோகனின் பெயரும் உல்றிச்சின் பெயரும் நிற்க, 'மனித' என்ற சொல்லுக்கு உரியவரின் இடத்தில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் நிற்கின்றன. நஞ்சுக்கொடியைத் தந்த தாய்க்கு எண் தானும் இல்லை.

மூன்றாவது சொல் 'மீள்சேர்க்கை'. இதன் கதையைப் பலர் அறிவர். பற்றீரியாக்கள் தம்முள் புகும் வைரசின் டீ.என்.ஏ.யைத் துண்டிக்கும் நொதியங்களைக் கொண்டுள்ளன. அவற்றைக் கத்தரிக்கோலாகக் கொண்டு, ஓர் உயிரியின் துண்டை வேறோர் உயிரியின் துண்டுடன் இணைத்துப் பற்றீரியாவினுள் வளர்க்கலாம் என 1973இல் ஸ்ரான்லி கோகனும் (மேற்கூறியவர் அல்லர், அதே பெயருடைய வேறொருவர்) ஏபட் போயரும் காட்டினர். 1975 பெப்ருவரியில் கலிபோர்னியாவின் அசிலோமரில் விஞ்ஞானிகள் கூடித் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்தனர். 1976இல் மசச்சூசெற்சின் கேம்பிறிட்சு நகரசபை, ஆவாட் பல்கலைக்கழகத்தில் இவ்வாய்வு நடைபெறலாமா என விவாதித்துத் தற்காலிகத் தடை விதித்தது. விஞ்ஞானப் பொருளொன்றை நகரசபை உறுப்பினர் வாதிட்டு முடிவு செய்த அந்நிகழ்ச்சி தனியொரு கட்டுரைக்குரியது. 1978இல் பற்றீரியாவில் மனித இன்சுலின் ஆக்கப்பட்டது. 1982இல் அது மருந்தாக அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. அச்சம் தணிந்தது, வாணிபம் தொடங்கிற்று.

மனிதக் கைனேசும் மீள்சேர்க்கையும் ஒன்றையொன்று சந்தித்த காட்சிகளுள் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது 1987இல் இலண்டனில் நிகழ்ந்தது. கிழக்கு ஆபிரிக்க மக்களின் தினை மதுவிலிருந்து பெறப்பட்ட ஒருவகை மதுவம் உண்டு. மது என்னும் பொருளுடைய 'பொம்பே' என்ற சுவாகிலிச் சொல்லே அதன் பெயரில் நிற்கின்றது. இம்மதுவக் கலம் இரண்டாகப் பிரிவதை ஆளும் 'சி.டி.சி.2' என்ற கைனேசைப் போல் நேர்சு ஆராய்ந்துவந்தார். அது பழுதுற்ற மதுவக் கலம் வெப்பநிலை உயரின் பிரியமாட்டாது. நீண்டு நீண்டு சென்று மாளும். அத்தகைய கலங்களின்மீது மெலனி லீ என்ற ஆய்வாளர் மனிதப் பரம்பரையலகுகளின் தொகுதியொன்றைத் தூவினார். மனிதனுக்கும் மதுவத்துக்கும் பொது மூதாதை வாழ்ந்து ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆயினும் சில கலங்கள் பிழைத்துப் பிரிந்தன. அவற்றினுள் இருந்தது மனிதனின் கைனேசு. அது மதுவத்தின் பழுதைத் தீர்த்துவைத்தது. 2001இல் நேர்சு நோபெல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரானார். என் வினா இங்கே தலைகீழாகின்றது. மதுக் குடத்து மதுவத்தில் இருந்து பணிசெய்யவல்ல ஒன்றை 'மனித' என அடைமொழியிட்டு அழைத்தல் எங்ஙனம் தகும்?

நண்பரின் சிமிழிலுள்ள புரதம் எவ்வாறு ஆக்கப்படுகின்றது எனக் கேட்டறிந்தபோது அவ்வடைமொழி மேலும் தளர்ந்தது. மனிதக் கைனேசுகள் பலவற்றைப் பற்றீரியாவில் ஆக்குதல் கடினம். தைரோசீன் கைனேசு பற்றீரியாவின் புரதங்களிலெல்லாம் பொசுபேற்றை ஏற்றி அதனை நலிவுறச் செய்யும். 2005இல் ஓர் ஆய்வுக்குழு இதற்கொரு வழி கண்டது: கொள்ளைநோய்ப் பற்றீரியாவின் இனத்துக்குரிய, பொசுபேற்றை அகற்றும் நொதியமொன்றைக் கூடவே ஆக்குவித்து, ஏற்றுவதை உடனுக்குடன் இறக்குவித்தனர். எனினும் பெரும்பாலும் கையாளப்படுவது பூச்சிக்கலம். 1983இல் தெக்சாசில், பூச்சிகளைத் தாக்கும் வைரசொன்றில் மனிதப் பரம்பரையலகைப் புகுத்திப் பூச்சிக்கலத்தில் மனித இன்ரபெரோனை ஆக்கிக் காட்டினர். அதற்கு உபயோகமாகும் கலங்கள் படைப்புழுவொன்றின் கூட்டுப்புழுச் சூலகத்திலிருந்து 1970களில் பெறப்பட்ட கலவரிசையின் வழிவந்தவை. அப்புழு எமக்கு அந்நியமன்று. 2018ஆம் ஆண்டின் இறுதியில் அம்பாறை, அனுராதபுரம், மொனறாகலை மாவட்டங்களின் சோளச் சேனைகளை அழித்து, 'சேனாப் படைப்புழு' எனப் பத்திரிகைகளிற் பெயர் பெற்றதும் அதே இனமே. எம் விவசாயி நச்சுத்தெளித்துக் கொல்லும் புழுவின் கலத்தை ஆய்வுகூடம் பாலூட்டி வளர்க்கின்றது.

இன்னும் உண்டு. ஆக்கிய புரதத்தைப் பல்லாயிரம் வேற்றுப் புரதங்களிலிருந்து பிரித்தெடுத்தல் வேண்டும். அதற்காக அதன் முனையில் ஒரு வாலை ஒட்டுகின்றனர். 1988இல் மெல்பேணில் சிமித், யோன்சன் ஆகியோர் அறிமுகப்படுத்திய வால் மிகப் பிரசித்தமானது. அது குருதியில் வாழும் ஒட்டுண்ணித் தட்டைப்புழுவொன்றின் புரதம். அவ்வால் குளுத்ததயோன் பூசிய மணிகளைப் பற்றிக்கொள்ள, ஏனையவை கழுவப்படும். வாலை வெட்டுவதற்கு உபயோகமாகும் நொதியங்களுள் ஒன்று பவ்லோவின் ஆய்வுகூடத்து என்ரறோகைனேசே என நண்பர் கூறியபோது, குடும்பத்துக்குப் புறம்பான தாய் பிள்ளையின் வீட்டில் வேலைக்கு வந்தது போன்றிருந்தது. இங்ஙனம் வைரசின் முதுகிலேறி, படைப்புழுவின் கலத்தில் உருப்பெற்று, ஒட்டுண்ணியின் வாலைத் தாங்கி வருவதே எமது சிமிழிலுள்ள 'மனித'ப் புரதம். அதில் மனிதனுக்குரியது அமினோ அமிலங்களின் ஒழுங்கு மாத்திரமே, ஓர் எழுத்தடைவு.

எழுத்தடைவு எவருக்குச் சொந்தம்? 1980இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், இந்தியாவிற் பிறந்த ஆனந்த சக்கரவர்த்தி மாற்றியமைத்த பற்றீரியாவுக்கு ஆக்கவுரிமை வழங்கலாம் என ஐவருக்கு நால்வராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் இறுதியில் கோகன்-போயர் முறைக்கு ஆக்கவுரிமை கிடைத்தது. 2013இல் அந்நீதிமன்றம், இயற்கையில் உள்ளவாறான மனித டீ.என்.ஏ.க்கு ஆக்கவுரிமை இல்லை. ஆய்வுகூடத்தில் பிரதிசெய்து ஆக்கிய வடிவுக்கு உண்டு என வகுத்தது. மூதாட்டியின் கலத்திலுள்ளது எவருக்கும் சொந்தமன்று; அதன் பிரதி சொந்தமாகலாம். சட்ட மாணவர் இதனை நுண்மை எனப் போற்றக்கூடும். எனக்கு அது, ஏட்டுச்சுவடியை விட்டு அதன் படிக்கு உரிமை கோருவதாகவே தோன்றுகின்றது.

இவ்வுரிமை வழக்கு சென்னைக்கும் வந்தது. மனிதனில் 518 புரதக் கைனேசுகள் உண்டு என 2002இல் கணக்கிடப்பட்டது. அவற்றுள் ஏபிள் என்பது, இரு நிறமூர்த்தங்கள் துண்டு மாறி ஒட்டுவதால் அடங்காததாகி ஒருவகைக் குருதிப் புற்றை உண்டாக்குகின்றது. அந்நிறமூர்த்தம் 1960இல் பிலதெல்பியாவில் காணப்பட்டது. துண்டு மாறியதை 1973இல் சனற் றௌலி விளக்கினார். தூய்மையாக்கிய கைனேசுகளின்மீது ஆயிரக்கணக்கான சேர்வைகளைச் சோதித்து, ஏபிளை அடக்கும் இமற்றினிப் என்ற மருந்து உருவாக்கப்பட்டு 2001 மே மாதத்தில் அங்கீகாரம் பெற்றது. மாண்டுபோவர் எனக் கருதப்பட்ட நோயாளர் பல்லாண்டு வாழ்ந்தனர். ஆயின் விலையோ மிகப் பெரிது. அம்மருந்தின் பளிங்கு வடிவமொன்றுக்கு நோவார்ட்டிஸ் கோரிய ஆக்கவுரிமையைச் சென்னையிலுள்ள அலுவலகம் 2006இல் மறுத்தது. சட்டப் பிரிவை எதிர்த்த மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளியது. 2013 ஏப்பிரல் முதலாந் திகதி இந்திய உச்ச நீதிமன்றமும் மறுத்தது. இந்தியக் கம்பனிகள் மிகக் குறைந்த விலையில் அதனை ஆக்கின. சியாற்றிலின் வடிதாள் ஒன்றிலிருந்து சென்னையின் நீதிமன்றத்துக்கு வந்த வழி இது.

நண்பரின் ஆய்வு இவ்வளவு பெரிதன்று. உள்ளூர் மூலிகைகள் சிலவற்றின் சாறு ஒரு கைனேசை அடக்குமா என்று அவர் பார்க்கின்றார். எனக்குக் காட்டிய சிமிழ் அவருடைய துறை வாங்கிய இரண்டாவது சிமிழ். முதலாவது, அவருக்கு முன் அங்கு ஆய்வு செய்தவர் காலத்தில், மாதக்கணக்கிற் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து தருவித்தது. 2022 மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள் கிடைக்காத ஓரிரவில் குளிரூட்டி தணிந்தது. கைனேசு ஒருமுறை உருகி மீண்டும் உறைந்தாலே வலுவிழக்கும். காலையில் அதனைக் கதிர்த்தொழிற்பாடுடைய பொசுபரசு கொண்டு சோதித்திருக்கின்றனர். எண்ணி வெறும் நீரின் எண்ணிக்கையையே காட்டியது. அச்சிமிழை அவர்கள் எறியவில்லை. குளிரூட்டியின் மேற்றட்டில் அது இன்றும் இருக்கின்றது, சுட்டியும் அழியவில்லை. அருகேயுள்ள குறிப்பேட்டில், அன்றைய திகதிக்கு நேரே, மின் நின்ற நேரமும் வந்த நேரமும் பென்சிலால் எழுதப்பட்டுள்ளன.